பசிக்குக் காவல்

“எனக்கு இன்னொரு கரண்டி சோறு வை.” எங்கள் வீட்டில் நான் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தது அது ஒன்றுதான், இன்ஸ்பெக்டர் சார். அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் காதில் விழுந்தால் அவரும் கேட்பார். பி.ஏ. பாஸான அன்றைக்கு மட்டும் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கேட்டது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

ஐயாவுக்குத் தலைக்குள் கட்டி. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். கண் இரண்டும் மங்கி, வேலை போன பிறகுதான் கட்டி என்று தெரிந்தது. மெட்ராஸில் மண்டையைத் திறந்து எடுத்தார்கள். உயிர் தங்கியது. பார்வை திரும்பவில்லை, வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்கிற இடம் மூளையில் அந்தக் கட்டியை ஒட்டித்தான் இருக்கிறதாம். அதுவும் போய்விட்டது. “சாப்பாட்டை அளந்து கொடுங்கள். விட்டால் உடம்பு ஊதி இருதயம் நின்றுவிடும்” என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அவர் பேசியது புரிந்த ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அரிசிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கியதும் நான்தான்.

அப்படியும் ஒரு வருஷத்தில் ஐயா இரண்டு ஆள் கனம் ஆனார். முன்பெல்லாம் அவர் நிற்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆபரேஷனுக்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவார். “என்னைய எதுக்குத் தாயி பொழைக்க வச்சீக?” என்பார். மூக்கைச் சிந்திவிட்டு, “கஞ்சி இருக்கா?” என்பார்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கை அள்ளித் தின்றுவிட்டார். ஆட்டுக்காரி வேலுத்தாய் தெருவில் நின்று, “ஏ சண்முகத்தாயி, ஒங்கையா என் ஆட்டுக்குப் பங்காளியாயிட்டாருடி” என்றாள். ஆமத்தூரே சிரித்தது. ஐயாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அந்த வாரம்தான் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“வரலைன்னு எழுதிப் போடு” என்றாள் அம்மா. “அவரு மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்கு வராது. ஒனக்குத்தான் கல்லு மனசு. நீ இங்கன இரு.”

“எத்தனை வருசம்?”

“அவரு இருக்க மட்டும்.”

அம்மா சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் வீட்டில் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவர்கள். பசைக்கு மைதாவைக் கம்பெனி கொடுக்கும். காய்ச்சும்போது மயில்துத்தம் என்கிற விஷ உப்பைக் கலக்கச் சொல்லும். பூச்சி வராமலிருக்க என்பார்கள். எங்கள் பிள்ளைகள் பசையை வழித்துத் தின்றுவிடும் என்பதுதான் நிஜமான காரணம். துத்தம் விழுந்த பசை நீலமாகிவிடும், நாக்கில் வைத்தால் காறும், எந்தப் பிள்ளையும் துப்பிவிடும். ஐயாவுக்கு நீலம் தெரியாது.

அம்மா பசைச் சட்டியை மூட மறந்துவிட்டாள், ஐயா தெரியாமல் தின்று செத்தார் என்று எழுதி, அவளைக் கூட்டிவந்து வெளியே உட்கார வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அன்றைக்கு விடியுமுன்னே அம்மா கம்பெனிக்கு நடந்துவிட்டாள். பசை காய்ச்சியது நான். துத்தத்தை அளவுக்கு மேல் போட்டது நான். ஐயா துப்பிவிடாமலிருக்கக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் நான். அரிசிப் பெட்டிச் சாவி அம்மா கைக்குப் போனால் அவருக்கு எப்படியும் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாத அழுகையை நான் மிச்சம் பிடித்தேன். கல்லு மனசுக்காரி யாராவது கருப்பட்டி போடுவாளா, சார்?

துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஐயா வாசம் பிடித்துத் திரும்பினார்.

“அடுப்புல என்ன தாயி?”

“கூழுய்யா.”

“எம்புட்டுக் குடிக்கலாம்?”

“ஒங்களுக்கு வேணுங்கிற மட்டும் குடிங்க.”

அவர் முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வீட்டில் அவரைச் சந்தோஷமாக வைத்தவள் நான் ஒருத்திதான். விருதுநகர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு நடந்தேன்.