கறுப்பு ஜாயின்ட்டைப் பார்த்துத்தான் எடுத்தேன்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் எழுதியிருக்கிறபடி சரியானவை. வயது நாற்பத்திரண்டு. ஸ்பேனர் என்று கூப்பிட்டால்தான் எங்கள் தெருவில் நான் திரும்பிப் பார்ப்பேன். என் அக்காவும் அவள் கணவரும் நடத்தும் ரொட்டிக்கடையில் இயந்திரங்களையும் வேனையும் கவனித்துக்கொண்டு, அதே கட்டடத்தின் மாடியில் குடியிருந்து வருகிறேன். அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். இதில் மாமா என்று வருகிற இடமெல்லாம் அவரையே குறிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடிக்கொண்டிருப்பதால், நின்றபடியே சொல்ல ஆய்வாளர் அய்யா அனுமதித்தார்.

சென்ற வெள்ளிக்கிழமை மதியம் கடையில் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மாவு பிசையும் இயந்திரத்தின் சுவிட்ச் போட்டபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழித்தெடுக்க மாமா வலது கையை உள்ளே விட்ட நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. நான் பின்பக்கம் வேனுக்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா அலறவில்லை. "மச்சான், மெயினை அணை" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் இருந்த நிதானம்தான் என்னை ஓட வைத்தது. மெயினை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது, பிசையும் இரும்புக் கரத்துக்கும் தொட்டியின் சுவருக்கும் நடுவில் அவருடைய கை முழங்கைக்குக் கீழே மாட்டியிருந்தது. விரல்கள் மாவுக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் இயந்திரத்தின் பெல்ட்டைக் கையால் பின்பக்கமாகச் சுழற்றிப் பார்த்தேன். பல்சக்கரம் இறுகிப்போய் இம்மியும் நகரவில்லை. சத்தம் கேட்டு அக்கா முன்கடையிலிருந்து ஓடிவந்து மாமாவைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். வண்டி புறப்பட்டுவிட்டது, பாலத்தில் நெரிசலாக இருக்கிறது என்றார்கள். அதுவரை சும்மா நிற்க என்னால் முடியவில்லை. இரும்புக் கரத்தைப் பிடித்திருக்கும் தாங்கியில் நான்கு போல்ட்டுகள் உண்டு. அவற்றைக் கழற்றினால் கரத்தை மேலே தூக்கிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். சாக்கெட் செட்டை எடுத்துவந்து மூன்றைக் கழற்றினேன். நான்காவது, மோட்டாருக்குப் பின்னால் மறைந்திருந்தது. நேராக எந்த ஸ்பேனரும் அங்கே போகாது. அதற்கு யுனிவர்சல் ஜாயின்ட் வேண்டும். அது ராட்செட் என்கிற திருகு கைப்பிடிக்கும் போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற, முழங்கை போல மடங்குகிற ஒரு துண்டு. செட்டோடு வந்த ஜாயின்ட்டை மாட்டி, நீட்டுத்துண்டும் சேர்த்து, கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி முழு பலத்தோடு இழுத்தேன். போல்ட் அசையவில்லை. ஜாயின்ட்டின் மடிப்பைத் தாங்கும் ஒரு காது பிளந்து, உள்ளே இருந்த ஊசி தெறித்து மாவில் விழுந்தது. நான் சுவரில் போய் மோதினேன்.

மாமாவின் உதடு வெளுத்துவிட்டது. "ஸ்பேனரே உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். அக்கா என்னைப் பார்த்து, "எதிர்க்கடைல வாங்கிட்டு வாடா, கையில கிடைச்சதைத் தூக்கிட்டு ஓடியா" என்றாள்.

புகார் கொடுத்திருக்கும் கருவிக்கடைக்காரரின் கடை எங்கள் கடைக்கு எதிர்ச் சாரியில் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது, சாப்பிடப் போயிருப்பதாக அட்டை தொங்கியது. பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா வெளியே வந்து, "அவர் சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்துட்டுத்தான் வருவார்" என்றார். அதன் பிறகு கதவைத் தட்டினேன். தட்டியது கையில் இருந்த ராட்செட்டால். அதை நான் கூடவே தூக்கிவந்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறுபடியும் ஓங்கினேன். கண்ணாடி உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தேன், அதை மறுக்கவில்லை. தையல்காரம்மாவிடம், "ரொட்டிக்கடை ஸ்பேனர்தான் உடைச்சான்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே நடந்தது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அய்யா எனக்குப் போட்டுக் காட்டினார். என் அக்காவுக்கும் காட்டியிருக்கிறார். அதில் நான் ஒரு ஜாயின்ட்டை எடுப்பதும், வாசல் வரை போவதும், திரும்பிவந்து அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பதும், அதையும் வைப்பதும், முக்காலியைப் போட்டு ஏறுவதும், ஒரு பாக்கெட்டைக் கிழித்துப் பார்த்துப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கிழிப்பதும் தெரிகிறது. "அவசரத்துல வந்தவன் இப்படிப் புடவைக்கடையில நிக்கிற மாதிரி நின்னு பொறுக்குவானாய்யா?" என்று அய்யா கேட்டார். அந்தக் கேள்விக்கு என் பதில் பின்வருமாறு.

முதலில் எடுத்தது கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. பளபளவென்று, என்னிடம் உடைந்ததற்கு உடன்பிறந்தது போல இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலை அடைந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து, "எங்கடா போய்த் தொலைஞ்ச" என்று அக்கா கத்துவது கேட்டது. அதே நேரத்தில் என் விரல்கள் பழக்கத்தில் அந்த ஜாயின்ட்டின் இரண்டு முனைகளையும் எதிரெதிராகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தன. லொடக் என்று ஆடியது. ஊசி தீக்குச்சி கனம்கூட இல்லை. இதைக் கொண்டுபோனால் இதுவும் பிளக்கும், மறுபடி இங்கேதான் ஓடிவர வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அக்காவின் குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே நான் கடைக்குள் திரும்பினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்துவைத்த மிகக் கஷ்டமான அடி அதுதான். கேமராவில் அது சாதாரணமாகத் திரும்புவது போலத்தான் தெரிகிறது.

அதன் பிறகு எடுத்தது, மடங்குகிற இடத்தில் உருண்டை வைத்த வகை. வழவழவென்று நன்றாக மடங்கியது. ஆனால் அதிகமாக மடக்கினால் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் மோட்டாருக்குப் பின்னால் அதிகமாகத்தான் மடக்க வேண்டும். வைத்துவிட்டேன். அதன் பிறகு மேல் வரிசையில் கறுப்பாக இரண்டு தொங்குவதைப் பார்த்து முக்காலியில் ஏறினேன். அவை காற்றழுத்தத்தில் போல்ட் திருகும் துப்பாக்கியில் மாட்டி லாரிச் சக்கரம் கழற்றுகிறவர்கள் வாங்குவது. காதுகள் தடிமன், ஊசியும் தடிமன், திருகிப் பார்த்தால் ஆட்டமே இல்லை. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் மடக்கினது மடக்கினபடி நிற்கும். மோட்டாருக்குப் பின்னால் ஒரு கைதான் போகும். தொளதொளவென்று தொங்குவதை வைத்துக்கொண்டு ஒரு கையால் சாக்கெட்டைப் போல்ட்டில் உட்கார வைப்பதற்குள் விடிந்துவிடும். ஆனால் தடிமனானது அந்த இடுக்கில் நுழையுமா என்கிற பயமும் வந்தது. இடுக்கு என் இரண்டு விரல் அகலம். இரண்டு விரலைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. கேமராவில் நான் விரலைக் காட்டி ஏதோ கணக்குப் போடுவது போலத் தெரிவது இதுதான். முதல் பாக்கெட்டில் இருந்தது என் ராட்செட்டில் சரியாகப் பிடிக்காமல் நழுவியது. இரண்டாவது, டக்கென்று உட்கார்ந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். விலை எழுதிய பக்கத்தை நான் பார்க்கவில்லை.

கடைக்கு வந்தபோது மாமாவின் தலை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. "கடையையே தூக்கிட்டு வந்துட்டியா மச்சான்?" என்றார். ஜாயின்ட் இடுக்கில் உரசிக்கொண்டு நுழைந்தது, முதல் முயற்சியிலேயே சாக்கெட் போல்ட்டில் உட்கார்ந்தது. குழாயைச் செருகி இழுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தபோது போல்ட் கிறீச்சிட்டுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. கரத்தை நான் தோளால் தூக்க, அக்கா கையை வெளியே எடுத்தாள். அந்தக் கை மாவு பூசி வெள்ளையாக, வேறு யாருடையதோ போல இருந்தது. அப்போதுதான் மாமா அலறினார். தீயணைப்பு வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் அதன் பிறகுதான் கேட்டது. அந்த வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கையைக் காப்பாற்றிவிட்டார்கள். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. நசுங்கிய இடத்தில் ரத்தம் போகாமல் இருந்த ஒவ்வொரு நிமிடமும் விரல்களுக்குக் கேடு என்று டாக்டர் சொன்னபோது, அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று மாலை ஆஸ்பத்திரி நடையில், "கையில கிடைச்சதை எடுத்துட்டு வான்னுதானேடா சொன்னேன்?" என்று கேட்டாள். பதிலை என்னோடு வைத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனேன். கேமராப் பதிவைப் பார்த்த பிறகு அவள் என்னோடு பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மாடியிலிருந்து கீழே, கீழேயிருந்து மாடிக்கு என்று அலைந்துகொண்டிருக்கிறேன். பளபளப்பானதையே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை அது தாங்கியிருக்குமோ, இரண்டு விரலும் இருந்திருக்குமோ என்று மனம் அரிக்கிறது. தாங்கியிருக்காது என்றுதான் என் புத்தி சொல்கிறது. மனம் அதைக் கேட்பதில்லை.

இன்று காலை நிலையத்தில் கருவிக்கடைக்காரரும் இருந்தார். கதவுக் கண்ணாடியை நான் ஏற்கனவே மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் நல்லவர்தான். "உள்ளாற வந்து ஆறஅமர பார்த்து எடுத்துட்டுப் போயிருக்கான், அதான் எனக்கு உறுத்துது" என்றார். அவர் டீ குடிக்க வெளியே போனபோது அய்யா என்னிடம், "பதட்டத்துல எதை எடுத்தேன்னே தெரியலைன்னு ஒரு வரி சொல்லிடு. அவரும் விட்டுடுவாரு, எனக்கும் வேலை முடிஞ்சிடும்" என்றார். என் நன்மைக்காகவே அப்படிச் சொன்னார் என்று அறிவேன். ஆனால் அப்படி எழுத நான் சம்மதிக்கவில்லை. நான் தெரிந்துதான் எடுத்தேன். பளபளப்பானதை வேண்டாமென்று வைத்ததும் நான்தான், கறுப்பானதை வேண்டுமென்று எடுத்ததும் நான்தான். கை நடுக்கத்தில் ஏதோ ஒன்றை அள்ளினேன் என்று சொன்னால் வழக்கு முடிந்துவிடும், ஆனால் நான் திரும்பி நடந்த அந்த அடிக்கு அர்த்தம் இல்லாமல் போகும். ஆகவே பார்த்து, சோதித்து, தேர்ந்தெடுத்தே எடுத்தேன் என்று பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

சாட்சியாக வரவழைக்கப்பட்டிருந்த அக்கா, எழுத்தர் இதைப் படித்துக் காட்டியபோது கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்து திரும்பிய இடத்தைப் படித்தபோது, அதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். எழுத்தர் படித்தார். அதன் பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, "நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சுக்கா" என்றேன். அதன் பிறகு, "இன்னிக்குச் சாயங்காலம் அவருக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. தனியா நின்னு பார்க்க எனக்குத் தைரியம் இல்ல. வர்றியா?" என்று கேட்டாள். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டதால் எழுத்தர் சேர்த்திருக்கிறார்.

இது யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானே சொன்னது. முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை, யாவும் உண்மை. அக்கா வாசலில் காத்திருப்பதால் கீழே கையொப்பமிட்டு உடனே புறப்படுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
நிலைய ஆய்வாளர்