மூக்கில் வைத்த சந்தனம்

நான் பேசி முடிக்கும் வரை எழுந்து போக முடியாத இக்கட்டில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் மேலாளர் மஹபூப் பாஷா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்த தொழிலாளத் தோழர்களே! தோலைத் தைத்தும் தோளைத் தேய்த்தும் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தாய்மார்களே! பேரணாம்பட்டிலும் ஒடுகத்தூரிலும் பஸ் ஏறி வந்து, பாதுகாப்பு விழாவில் பிரியாணி எப்போது என்று பந்தலின் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் பாசமிகு தம்பிமார்களே! பாதுகாப்புக் கமிட்டிச் செயலாளன் கார்முகிலன் உங்கள் அனைவரையும் கைகூப்பி வரவேற்கிறேன்.

என்ன அங்கே சத்தம்? "சுருக்கமா பேசுண்ணா" என்கிறார் ஒரு தம்பி. அட தம்பி, சுருக்கமாகப் பேசத் தெரிந்தவனை யாராவது செயலாளர் ஆக்குவார்களா?

எங்கள் கமிட்டி கூடாத மாதம் உண்டா? கூடினோம், குழுமினோம், குளிரூட்டிய அறையில் குந்தினோம். பஜ்ஜியா சமோசாவா என்று பண்பட்ட முறையில் விவாதித்தோம். தீர்மானம் நிறைவேறியது, தின்பண்டம் தீர்ந்தது, தோல் ஊறும் டிரம் பக்கத்து வழுக்குத் தரை மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. "விழிப்பே வாழ்வு!" என்று நான் விண்ணதிர முழங்கிய அதே கூட்டத்தில், மைக் ஒயர் தடுக்கி விழுந்தவனும் நானே. சிரியுங்கள், சிரியுங்கள். அன்று சிரித்ததைவிட இது கம்மிதான்.

அந்தக் கமிட்டிக்குத் தையல் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார் ஷஹீன் பானு அக்கா. வந்த முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "வழுக்குறது அங்க, பேசுறது இங்கயா? எழுந்து வாங்க, அங்க போய் பேசலாம்." போனோம். இரண்டு பேர் வழுக்கினோம். அன்றைக்கே தரைக்குச் சொரசொரப்பான பூச்சு போட ஆள் வந்தது. அடுத்த கூட்டத்தில் இன்னொன்று சொன்னார்: "ஆபத்தான வேலையில யாரு 'வேணாம்'னு சொன்னாலும் வேலை நிக்கணும். அப்புறம்தான் ஏன்னு பாக்கணும். சொன்னவங்கள யாரும் திட்டக் கூடாது." நான் உடனே வழிமொழிந்தேன், சட்டமாகிவிட்டது. கொள்கைப் பற்றா? இல்லை ஐயா, டீ ஆறிக்கொண்டிருந்தது!

பிறகு வந்தது ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டோம், பொரி படைத்தோம், சந்தனம் தடவிக் குங்குமம் இட்டோம். தராசுக்கு உண்டு, தள்ளுவண்டிக்கு உண்டு, நம் உயிரைக் காக்கும் வாயு மீட்டருக்கு மட்டும் இல்லையா? கழிவுநீர்த் தொட்டிக்குள் யாராவது இறங்கும் முன்னால் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோமே, கெட்ட வாயு இருந்தால் கத்துமே, அந்தச் சின்னப் பெட்டிதான். அதற்கும் அள்ளி அப்பினோம், அழகாக, அரை விரல் கனத்துக்கு. "இன்னும் கொஞ்சம் வைப்பா, லட்சணமா இருக்கட்டும்" என்று பக்கத்தில் நின்று ஊக்குவித்த கலைஞன் யார்? வேறு யார், உங்கள் செயலாளன்தான்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய காலை. தொட்டியின் மோட்டார் அடைத்துக்கொண்டது. மோட்டார் நின்றால் தோல் பதனிடும் டேனரி நிற்கும், டேனரி நின்றால் கப்பலுக்குப் போகும் சரக்கு நிற்கும். மூடியைத் திறந்து உள்ளே நல்ல காற்றை அடித்தோம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார் பராமரிப்புப் பிரிவு கோவிந்தராஜ். அந்தத் தொட்டியின் காற்று என்ன செய்யும் என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? இறங்கியவர் சாய்வார், அவரைத் தூக்கக் குதித்தவரும் சாய்வார்.

மீட்டரை இறக்கினோம். சத்தமே இல்லை. எடுத்துப் பார்த்தால் பூஜ்யம்! "பூஜையின் பலன் பார்த்தீர்களா!" என்று நான் பூரித்துப் போனேன். கோவிந்தராஜ் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"வேணாம்!"

கமிட்டி சார்பில் என்னோடு வந்து நின்ற ஷஹீன் பானு அக்கா. எல்லோரும் திரும்பினோம். அவருக்கும் காரணம் உடனே சொல்ல வரவில்லை. "தெறந்தா எப்பவும் காட்டுக் கத்தல் கத்துற மிஷினு, இன்னிக்கு இன்னாத்துக்கு கம்முனு இருக்குது? எனக்கு பயமா இருக்குது. அண்ணா, நீங்க மேல வாங்க."

"நேரம் ஆகுது அக்கா, மீட்டரே சொல்லிடுச்சே!" என்று ஆரம்பித்தேன். அறிவியல் பேசினேன், அந்நியச் செலாவணி பேசினேன். என் சொற்பெருக்கில் கோவிந்தராஜின் இன்னொரு காலும் ஏணிக்குப் போனது. அக்கா என் பக்கமே பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுத்துக்கொண்டே சொன்னார்: "இவரு பேச்சு நல்லா இருக்கும்ணா, கூட்டத்துல கேட்டுக்கலாம். நீங்க வாங்க."

இதே மஹபூப் பாஷா அவர்கள்தான், சரக்கு தாமதமாகும் என்று தெரிந்தும், "சட்டம் போட்டாச்சு, நிறுத்துங்க" என்றார். அதற்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்! பக்கத்து டேனரியிலிருந்து இன்னொரு மீட்டரை இரவல் வாங்கி, அதே கயிற்றில் இறக்கினோம். பாதி ஆழம்கூடப் போகவில்லை. கத்தியது ஐயா! தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. நம் மீட்டரைத் திருப்பிப் பார்த்தோம். அது மூச்சு வாங்கும் துளை முழுக்கச் சந்தனம், காய்ந்து கல்லாகி இருந்தது. கோவிந்தராஜ் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டார். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பெயரவில்லை.

"பொட்டு வெச்சத நான் சொல்லல. பொரி நானும்தான் துன்னேன். மூக்குல வெக்காதீங்க, அவ்ளோதான்" என்றார் அக்கா.

தோழர்களே! கமிட்டி என்றால் பலகையா? பதாகையா? பஜ்ஜியா? என் பேச்சா? என் பேச்சு ஒருவரை ஏணியில் இறக்கியது, ஒரு சொல் அவரை மேலே ஏற்றியது! காரணம் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். மேலாளர் முன்னாலும் சொல்லுங்கள். என்னைப் போல் ஒரு வாயாடி குறுக்கே நின்றாலும் சொல்லுங்கள். சொன்னால் நிற்கிற தொழிற்சாலைதான் பாதுகாப்பான தொழிற்சாலை. எங்கே, எல்லோரும் ஒருமுறை! "வேணாம்!" கேட்கவில்லை! "வேணாம்!" ஆகா, இது பேரணாம்பட்டுக்கே கேட்டிருக்கும்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலை கோவிந்தராஜின் மனைவி அம்சவேணி அம்மா தொழிற்சாலை கேட்டுக்கு வந்தார். ஷஹீன் பானு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்ல வந்தவருக்கு அது மட்டும் வரவில்லை. "நேத்து அவரு வீட்டுக்கு வந்து, கொழம்புல உப்பு கம்மின்னு என்கூட ஒரே சண்டைக்கா" என்றார். "இன்னும் கொஞ்சம் நேரம் திட்டட்டும்னு கேட்டுக்கினே இருந்தேன்." சொல்லிவிட்டு அழுதார். அக்காவும் அழுதார்.

தலைவருக்கும் தாய்மார்களுக்கும் பொறுமையின் சிகரங்களான உங்களுக்கும் என் நன்றி. இன்று மாலை எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேருங்கள். உப்பு கம்மி என்று சண்டை போடுங்கள். வணக்கம்.