புள்ளி வச்சது உருளும்

– அந்தப் பலகையை வெளியில போடாதீங்க. நாளைக்குக் காலையில எனக்கு வேணும்.

– இது என் சாரப் பலகை. பூச்சு வேலைக்கு ஆள் ஏறி நிக்கறது. எங்க போச்சுனு தெரியாம என் கையாளுங்களை எல்லாம் ஒரு மாதிரியா பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசியில பார்த்தா திருடி வீட்டுக்குள்ளயே இருக்கா.

– திருடலைங்க. கேட்டா தர மாட்டீங்கனு கேக்காம எடுத்துட்டுப் போனேன்.

– அதுக்கு வேற பேர் இருக்கா டீச்சரம்மா? சரி, பலகை பூரா என்ன இது, வெள்ளை வெள்ளையா?

– சோப்பு. சோப்பு தேய்ச்சா எது வேகமா இறங்குதுனு பிள்ளைங்க பார்த்தாங்க.

– நல்லாப் பார்த்தாங்க. இதுல என் ஆள் ஏறி நின்னிருந்தா அவனும் வேகமா இறங்கியிருப்பான்.

– அதான் சொல்றேன், பலகை எங்ககிட்டயே இருக்கட்டும். உக்காந்து சாப்பிடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்.

– நீ இப்படி ஆரம்பிச்சா எனக்கு ஒரு நாள் லீவு போச்சுனு அர்த்தம். சொல்லு. நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்காம பலகை எதுக்கு?

– அ, ஆவும் அந்தப் பலகையிலதான் வந்துச்சு. நான் சொல்றதை முழுசா கேளுங்க. பலகையோட ஒரு பக்கத்தை ஸ்டூல் மேல தூக்கி வச்சேன். கூடையில நூல்கண்டு, தீப்பெட்டி, பந்து, கரண்டி, அழிரப்பர், பென்சில்னு கையில கிடைச்சதை எல்லாம் போட்டேன். சுவத்துல ரெண்டு அட்டை. ஒண்ணுல 'உருளும்', இன்னொண்ணுல 'உருளாது'. ஒவ்வொண்ணா விட்டுப் பார்த்து, அது எந்த அட்டையோ அதுக்குக் கீழ கொண்டுபோய் வைக்கணும்.

– படிக்கத் தெரியாத பிள்ளைங்க அட்டையை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

– அங்கதான் கூத்து. ரெண்டும் ஒரே மாதிரிதானே ஆரம்பிக்குது? நூல்கண்டு இங்க, பந்து அங்கனு மாத்தி மாத்தி வச்சு அடிதடி. பென்சில் வந்ததும் இன்னும் மோசம். குறுக்கால வச்சா கடகடனு உருளுது, நெடுக்கால வச்சா சும்மா வழுக்கிக்கிட்டு வருது. சுண்டெலி இருக்கானே, ஒரு இடத்துல நிக்காதவன், அவன் பென்சில் பொய் சொல்லுதுனு அதை மூலையில நிக்க வச்சுட்டான்.

– அவன் சரியான ஆளு. அப்புறம்?

– அப்ப ராணி வாயைத் திறந்தா.

– ராணி யாரு?

– புதுசா சேர்ந்திருக்குற பொண்ணு. காலுக்கு வலு இல்ல, சக்கர நாற்காலியில வர்றா. அவ மட்டும் எப்பவும் நாற்காலியை விட்டு இறங்காம இருக்காளேனு சுண்டெலிதான் ராணினு பேரு வச்சான். சேர்ந்ததுல இருந்து அவ பேசவே இல்ல. கேட்டா தலையை ஆட்டுவா, அவ்வளவுதான். அன்னிக்கு அடிதடி நடுவுல, யாரையும் பார்க்காம, 'தலையில புள்ளி வச்ச அட்டை உருளும், புள்ளி இல்லாத அட்டை உருளாது'னு சொன்னா.

– என்ன புள்ளி?

– நீங்களே எழுதிப் பாருங்களேன். உருளும், கடைசி எழுத்து 'ம்'.

– அட! ஆமா. 'உருளாது'ல புள்ளியே கிடையாது.

– நான் எத்தனை வருஷமா பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறேன். அந்த ரெண்டு அட்டையையும் எழுதினதே நான்தான். எனக்கு அது கண்ணுல படல. அவ வகுப்புல ஒரு ஓரமா உக்காந்து அட்டையையே பார்த்துக்கிட்டிருந்திருக்கா. அப்புறம் சுவத்துல இருந்த எதையும் பிள்ளைங்க விடல. காலண்டர், பெயர்ப்பலகை, என் புடவைக் கடைப் பை, எல்லாத்துலயும் புள்ளி தேடிக் கத்தறாங்க.

– கெட்டிக்காரிதான். இதுக்கா என் லீவு?

– இருங்க, இன்னும் முடியல. எல்லாரோட பேரும் எழுதின சீட்டு எங்கிட்ட இருக்கு. ராணி தன் பேர்ச் சீட்டை வாங்கி, தானே சக்கரத்தைத் தள்ளிக்கிட்டுப் போய், 'உருளும்' அட்டைக்குக் கீழ ஒட்டினா. எனக்குப் பகீர்னுச்சு. பிள்ளைங்க என்ன சொல்லுங்களோனு. ஆனா என்ன ஆச்சு தெரியுமா? எல்லாரும் அவளைப் பொறாமையா பார்த்தாங்க. 'எனக்குச் சக்கரம் இல்லையே'னு ஒருத்தி அழறா. சுண்டெலி தரையில படுத்து இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் உருண்டு காட்டி, 'என் பேரையும் ஒட்டுங்க'னு நிக்கறான். அப்புறம் எல்லாம் படுத்து உருளுதுங்க. அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் உள்ள வந்துட்டாங்க.

– போச்சுடா.

– அவங்க பிள்ளைங்களைத் திட்ட வரல. வாட்ச்மேனுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுனு சொல்ல வந்தாங்க. இத்தனை நாளும் அவர்தான் காலையில நாற்காலியோட ராணியைத் தூக்கிப் படி ஏத்துவார், சாயங்காலம் தூக்கி இறக்குவார். இனிமே பாரம் தூக்கவே கூடாதுனு டாக்டர் சொல்லிட்டாராம். அவ அம்மா ஊதினா பறந்துடுவாங்க, அவங்களால முடியாது. அடுத்த வாரம் ஸ்கூலுக்கு விடற லீவு முடியறதுக்குள்ள ஒரு வழி பிறக்கலைனா, கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் படி இல்லாத ஸ்கூல் ஒண்ணு இருக்கு, அங்க சேர்த்துக்கச் சொல்லிடலாம்னு சொல்றாங்க.

– அவங்க சொல்றதும் தப்பில்லையே. பிள்ளையைக் கீழ போட்டுட்டா யார் பதில் சொல்றது?

– தப்புனு நானும் சொல்லல. இப்பத்தான் வாயைத் திறந்திருக்கா. மறுபடியும் புது இடம், புது முகம்னா திரும்ப மூடிக்குவா. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

– எனக்குப் புரிஞ்சு போச்சு. வாசல்ல ஒரு சரிவு கட்டணும். அதானே?

– ஊருக்கெல்லாம் கட்டறீங்க.

– ஊர்ல இடம் இருக்கு, கட்டறேன். உங்க வாசல்ல என்ன இருக்கு? படி நாலு. படிக்கும் கேட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்க முடியாது. அந்த இடத்துல சரிவு போட்டா அது சரிவு இல்ல, ஏணி. ஏத்தறதுக்கு ரெண்டு பேர் வேணும். இறங்கும்போது கை நழுவிச்சுனா நேரா ரோட்டுல பஸ்ஸுக்கு அடியிலதான். உயரம் கொஞ்சம்னாலும் சரிவு நீளமா போகணும்மா. ஆசைப்பட்டா மட்டம் மாறாது.

– இதையேதான் பிள்ளைங்களும் சொன்னாங்க.

– எதை?

– ஜன்னல் திட்டுல இருந்து பந்து மெதுவா இறங்கிக் கீழ டப்பாவுக்குள்ள போகணும்னு சொன்னேன். பலகையை நெட்டுக்குத்தா வச்சா பந்து பாய்ஞ்சு டப்பாவைத் தாண்டிப் போகுது. நீட்டி வைக்கலாம்னா அலமாரி இடிக்குது. ரொம்ப நேரம் முட்டி மோதிட்டு, பழைய பெஞ்சுப் பலகை ஒண்ணையும் சேர்த்து, சுவத்தோட ஒட்டித் திருப்பி வச்சாங்க. பாதி தூரம் இந்தப் பக்கம், பாதி தூரம் அந்தப் பக்கம். ஆனா திருப்பத்துல பந்து வெளிய ஓடிப் போச்சு. கட்டைகளை அடுக்கி ஓரமா ஒரு சின்ன சுவர் வச்சாங்க. அப்பவும் எகிறுச்சு. ராணிதான் திருப்பத்துல ஒரு அட்டைப் பெட்டியைப் படுக்க வைக்கச் சொன்னா.

– மட்டமாவா?

– மட்டமாத்தான். ஏன்னு கேட்டேன். 'திரும்பறதுக்கு முன்னாடி நிக்கணும் டீச்சர், நான் அப்படித்தான் திரும்புவேன்'னா.

– ம்.

– என்ன ம்?

– சோத்தைப் போடு. யோசிக்க விடு... கேட்டுல இருந்து இடது கைப் பக்கம் மதில் சுவர் போகுதுல்ல? அதை ஒட்டி ஏத்தி, மூலையில மட்டமா ஒரு திட்டு விட்டு, அங்க திருப்பி வாசலுக்குக் கொண்டு வந்தா நீளம் கிடைக்கும். ஓரத்துல ஒரு செங்கல் உயரத்துக்குக் கட்டை எழுப்பிடலாம். ஆனா அந்தச் சுவர் நெடுக உங்க பெரிய டீச்சரோட பூந்தொட்டி. அதுல கை வச்சா என் கையை எடுத்துடுவாங்க.

– அதை நான் பேசிக்கறேன்.

– நீ தொட்டியைப் பேசு, நான் சுவத்தைப் பேசறேன். லீவுல உங்க அக்கா வீட்டுக்குப் போகலாம்னு இருந்தியே?

– அக்கா எங்கயும் உருண்டு போயிட மாட்டா.

– அப்படிப் போடு. இந்த வீட்டுலயே உருளாதது நான் ஒருத்தன்தான், என்னையும் உருட்டிட்டே.

*

– ஏங்க, ராணியும் அவ அம்மாவும் வந்துட்டாங்க. சாக்கைச் சுருட்டி அந்தப் பக்கம் போடுங்க. முகத்தைத் துடைச்சுக்கோங்க.

– நாளைக்குத்தானே ஸ்கூல் திறக்குது? இன்னிக்கே வரச் சொன்னியா?

– கூட்டம் இல்லாதப்ப ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும்னு சொன்னேன். எல்லாரும் பார்க்கறப்ப முடியலைனா அவளுக்கு மனசு விட்டுப் போயிடும். எனக்கு ராத்திரியில இருந்து இதே நினைப்பு.

– எனக்கும்தான். மட்டம் வச்சுப் பார்த்தேன், கயிறு கட்டிப் பார்த்தேன், சிமெண்ட் மூட்டையைத் தள்ளுவண்டியில வச்சு ஏத்திக்கூடப் பார்த்தேன். ஆனா மூட்டைக்குக் கை இல்ல. நாலு வயசுக் கைக்கு இது ஏறுமானு எனக்குத் தெரியல. அதென்ன, அவ அம்மா கேட்டுலயே நின்னுட்டாங்க?

– ராணிதான் நிக்கச் சொல்லியிருப்பா. அதோ, அவளே தள்ளிக்கிட்டு வர்றா பாருங்க. வா ராணி. இவர் யாருனு தெரியுதா?

– தெரியும். பலகை மாமா.

– அடேங்கப்பா, இந்தப் பேர் நல்லா இருக்கே. வாம்மா. பிடிச்சிருக்கா?

– பூத்தொட்டி எல்லாம் எங்க?

– பெரிய டீச்சரும் நானும் சேர்ந்து பின்பக்கம் தூக்கி வச்சுட்டோம் ராணி. செடிக்கு அங்கதான் நல்ல வெயில்னு அவங்களே சொல்லிட்டாங்க.

– மாமா, இதுல ஏன் கோடு கோடா இருக்கு?

– சக்கரம் வழுக்காம இருக்க. ஈரம் காயறதுக்கு முன்னாடி துடைப்பத்தால இழுத்தேன்.

– சோப்பு தேய்க்கலையா?

– இல்லம்மா. சோப்பு எல்லாத்தையும் உங்க டீச்சர் என் பலகையிலயே தேய்ச்சுத் தீர்த்துட்டாங்க. போலாமா? மாமா பின்னால இருந்து லேசா ஒரு கை குடுக்கறேன்.

– வேண்டாம். கையை எடுங்க.

– சும்மா ஒரு விரல் மட்டும்.

– விரலையும் எடுங்க.

– எடுத்துடுங்க. அவ சொன்னா சொன்னதுதான். ராணி, அவசரம் இல்ல. நெஞ்சைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுக்கோ. அப்படித்தான்... ஏங்க, நீங்க ஏன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?

– நான் எங்க பிடிச்சேன்? அவ பின்னால போறாளா?

– போகல. சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தியிருக்கா. திரும்பத் தள்ளறா. இன்னும் கொஞ்சம். மூலைக்கு வந்துட்டா.

– ராணிம்மா, அது மட்டமான இடம். அங்க நீ பிடிக்கலைனாலும் வண்டி நிக்கும். இளைப்பாறிக்கோ.

– தெரியும் மாமா. நான்தான் சொன்னேன்.

– ஆமாமா, நீதான் சொன்னே. மறந்துட்டேன்.

– திரும்பிட்டா பாருங்க. நேரா வாசல்தான் இனி. இன்னும் ரெண்டு தள்ளு... வந்துட்டா. ஏங்க, மேல வந்துட்டா.

– நீ எதுக்கு மூக்கை உறிஞ்சறே?

– சிமெண்ட் தூசி.

– அது காய்ஞ்சு எத்தனை நாளாச்சு. சரி, விடு. எனக்கும் அதே தூசிதான். ராணி, இனிமே உன்னை யாரும் தூக்க வேண்டாம் தாயி. நீயே வரலாம், நீயே உள்ள போகலாம். கதவைத் திறந்து வச்சிருக்கேன். போய் உன் வகுப்பைப் பார்த்துட்டு வா.

– இப்ப வேண்டாம்.

– ஏன் ராணி? கை வலிக்குதா? நாற்காலியை எதுக்கு இந்தப் பக்கம் திருப்பறே?

– வகுப்பை நாளைக்குப் பார்ப்பேன் டீச்சர்.

– உள்ள போகத்தானேம்மா மாமா இதைக் கட்டினேன்? அப்ப இவ்வளவு சிரமப்பட்டு மேல எதுக்கு ஏறினே?

– ஏறினாத்தானே மாமா உருள முடியும்? தள்ளி நில்லுங்க, நான் வரேன்.