நாலு வயது மாப்பிள்ளை

“மாப்பிள்ளைக்கு நாலு வயது, பொம்பிளைக்கு ஏழு வயது. அவையே கட்டினவை, அக்கா.”

பாபடோயிட்டோய் நிலையத்தில் ரயில் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவர் இதைச் சொன்னார். அக்காவின் மகன் ரகு, தன்னைவிட மூன்று வயது மூத்த பெண்ணைக் கட்டப்போகிறானாம். அக்கா ஒரு வாரமாக அவனோடு கதைப்பதில்லை. அவர் மனதை மாற்றத் தங்கை அந்தக்கால ஸ்கொட்லாந்து ராணி ஒருத்தியைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார்.

“ஆரடி கட்டிவைச்சது?”

“இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் சண்டை பிடிக்கக் கூடாதெண்டு ரெண்டு பக்கத்துப் பெரியாக்களும் பேசிச் செய்தது.”

“பேசிச் செய்ததெண்டால் நல்லம். சண்டை நிண்டதோ?”

“இல்லை. மாப்பிள்ளை வளந்து சண்டைக்குப் போய்ப் பிடிபட்டவர். ராணியின்ர தமையன், இங்கிலாந்து ராசாதான் கன வருஷம் அடைச்சு வைச்சிருந்தவர்.”

“மச்சானையோ? பிள்ளையள்?”

“இல்லை.”

“வெளியில வந்தாப் பிறகாவது ஒழுங்கா இருந்தவரோ?”

“வேறொருத்தியோட வந்தவர். ராணி தமையனிட்டையே போயிட்டா.”

“நீ எனக்கு ஆறுதல் சொல்லுறியோ, பயங்காட்டுறியோ?”

இரண்டு நிலையங்கள் கடந்தன.

“சாதகம் பாத்தவையோ?” என்றார் அக்கா.

“ஸ்கொட்லாந்தில ஆரக்கா பாக்கிறது?”

“அதுதானே பாத்தன். வயதில ஒரு பிழையும் இல்லை.”

அவர் கைபேசியை எடுத்தார்.

“ரகு, அந்தப் பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டு அனுப்பு. ஓம், அம்மாதான் கதைக்கிறன்.”