பத்து அங்குலத் தையல்

வெள்ளை மஸ்லினை ஈரம் முழுதும் காய்வதற்குள் இஸ்திரி போட்டுவிட வேண்டும். காய்ந்துவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காது. ரோசமண்ட் தன் கவுனை என்னிடம் கொடுத்ததே இந்தப் பக்குவம் எனக்குத் தெரியும் என்றுதான், மிஸ்டர் க்ரோஹர்ஸ்ட். நீங்கள் சங்கத் தலைவர், கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

பாத் நகர விழாவில் நாம் எல்லோரும் இருநூறு வருஷத்துக்கு முந்தைய சீமாட்டிகளாகவும் சீமான்களாகவும் உடுத்தி நடக்கிறோம். பெண்களுக்கு மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னப் பெட்டி. அதில் உள்ளதையே மாற்றி மாற்றிப் போட்டுக் காலை நடை, தேநீர், விருந்து எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதிக விதமான தோற்றம் காட்டுகிறவள் நடனத்தைத் தொடங்கி வைப்பாள். இந்த வித்தையைக் கொண்டுவந்தவளே நான். ஒரு வெள்ளைக் கவுன், கழற்றி மாட்டும் நீளக் கைகள், குட்டைக் கோட், கையில்லா மேலங்கி, ஒரு சால்வை. ஐந்து உருப்படியில் ஒன்பது தோற்றம். பதினோரு வருஷமாக நடனத்தைத் தொடங்கியதும் நான்தான்.

ரோசமண்ட் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. அதே ஐந்து உருப்படிதான். ஆனால் அவள் மேலங்கியைத் திருப்பிப் போட்டால் வேறு நிறம். பதினான்கு தோற்றம். கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே முதல் நடனம் கிடைத்தால் தலைக்கனம் வந்துவிடாதா? நல்ல பெண் கெட்டுப்போவாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"உங்க கையில கொடுத்தா எனக்குக் கவலையே இல்ல, ஹெஸ்டர்," என்றாள். அவளைக் கூடத்தில் உட்காரவைத்து எலுமிச்சைக் கேக் கொடுத்தேன். உள்ளே போய், பக்கத் தையலில் பத்து அங்குலம் பிரித்து, தையல் மிஷினில் ஓட்டினேன்.

"என்னங்க சத்தம் அது?"

"ஒண்ணுமில்லமா, வாஷிங் மிஷின். நீ கேக்கைச் சாப்பிடு."

விதி உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் தையல் மிஷின் கிடையாது. ஒரு அங்குலம் மிஷின் தையல் அகப்பட்டாலும் ஆயுளுக்கும் சங்கத்தில் இடமில்லை. மறுநாள், பதினோரு வருஷமாகச் சங்கத்தின் தையல் பரிசோதகர் என்ற முறையில், அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். எல்லோர் முன்னாலும், மிகுந்த வருத்தத்தோடு.

"சத்தியமா கையாலதான் தைச்சேன். ஏழு மாசம் ஆச்சு எனக்கு," என்று அழுதாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நூலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என் நூலே இல்ல. இதுல மெழுகு இல்லையே!"

கையால் தைக்கிறவர்கள், சிக்காமலிருக்க நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்வார்களாம். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அது புதுச் செய்தி.

ஆமாம், செய்தது நான்தான். அவள் நன்மைக்காகச் செய்தேன். என் பெட்டியையும் திறக்கச் சொல்கிறீர்கள். தாராளமாகத் திறந்து பாருங்கள். சால்வையைத் தவிர எல்லாமே மிஷின் தையல்தான். ஆனாலும் பதினோரு வருஷமும் பரிசோதகர் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டிருக்கிறார்.