ஓடு உடையா முட்டையும் ஒளிவுமறைவற்ற சொல்லும்

கலங்கிய மனங்களுக்குக் காவலாகவும் கலங்காத கடமைக்குக் கண்ணாகவும் நின்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் மனநல மருத்துவமனையின் ஆண்கள் பிரிவில் அருந்தொண்டாற்றிப் பணி நிறைவு பெறும் தலைமைச் செவிலியர் அம்மையாரே, தங்களோடு பணியாற்றும் பேறு பெற்றோர் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

புகழுரையே ஆயினும் அதில் பொய் கலந்தால் தாங்கள் பொறுக்கமாட்டீர்கள். பதிவேட்டில் ஒரு நோயாளியைப் பற்றி 'முரண்டு பிடிக்கிறார்' என்று எழுதியவரை அழைத்து, "கண்டதை எழுதுங்க, தீர்ப்பு எழுதாதீங்க" என்று திருப்பியனுப்பியவர் தாங்கள். தங்கள் முதுகுக்குப் பின்னே 'பூதக்கண்ணாடி' என்று பெயர் சூட்டியவர்கள் நாங்கள். அது தங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆதலின், எங்கள் பிழை ஒன்றிலிருந்தே தங்கள் பெருமையைத் தொடங்குகிறோம்.

ஏழாண்டுகளுக்கு முன் பேருந்து ஓட்டுநர் ஒருவர் எங்களிடம் சேர்க்கப்பட்டார். உறக்கம் அற்று, வானொலி தம்மைப் பெயர் சொல்லித் திட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அவர், தமக்கு நோயே இல்லை என்றார். நோய் உண்டென ஒப்பினால், இருபதாண்டு பிடித்த ஸ்டியரிங் கைவிட்டுப் போகும். அந்த மறுப்பு, சரியவிருந்த மனச்சுவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட முட்டு. அதை அறியாத நாங்கள், அவருடைய அக்காவின் கண்ணீருக்கு இரங்கி, மாத்திரையைப் பொடித்துக் காலைப் பாலில் கலந்தோம்; பதிவேட்டில் 'மருந்து உட்கொண்டார்' என்றும் எழுதினோம். பால் கசக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், "உங்க நாக்குதான் சரியில்ல" என்று சிரித்தோம்.

ஐந்தாம் நாள், குவளையின் அடியில் தங்கிய வெண்பொடியைத் தாங்கள் கண்டீர்கள்.

"அவர் நல்லதுக்குத்தானே அம்மா" என்றோம்.

"நோயே இல்லங்கிறது அவரோட தற்காப்பு. நல்லதுக்குத்தானேங்கிறது நம்மோடது. ரெண்டுல எது ஆபத்துன்னு யோசிங்க" என்றீர்கள். பிறகு அவர் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தீர்கள்.

"ஐயா, அஞ்சு நாளா உங்களுக்குத் தெரியாம பாலுல மாத்திரை கலந்திருக்கோம். அது தப்பு. இந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. அதனால தப்பும் என்னோடதுதான்."

தாம் சொன்ன கசப்பு மெய் என்று ஒருவர் ஒப்புக்கொண்ட அந்தக் கணத்தில், ஓட்டுநருக்கு மற்றவை அனைத்தும் பொய்யாயின. உணவை அறவே ஒதுக்கினார். குழாய் நீரை மட்டும் தம் கையால் பிடித்துக் குடித்தார். மூன்று நாள்கள் சென்றன. மறுநாளும் உண்ணாவிட்டால் மூக்கில் குழாய் செருகி உணவு செலுத்த நேரும் என்றார் மருத்துவர்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?" என்று அக்கா தங்கள்மீது பாய்ந்தார்.

"போய்ட்டுத்தாம்மா இருந்துச்சு. நாளைக்கு வீட்டுக்கு வந்து, நீங்க வைக்கிற சாப்பாட்டையும் இப்படி மோந்து பார்த்தா என்ன செய்வீங்க?" என்றீர்கள்.

மறுநாள் காலை, ஓடு உடையாத அவித்த முட்டை இரண்டும் தோலுரிக்காத வாழைப்பழம் ஒன்றும் தட்டில் ஏந்தி வந்தீர்கள்.

"முட்டைக்குள்ள மாத்திரை வைக்கிற வித்தை எங்களுக்குத் தெரியாது ஐயா. நீங்களே உரிச்சுப் பாருங்க."

ஓட்டுநர் ஒரு முட்டையை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழியையும் உங்க ஆளா ஆக்கிட்டீங்களா?"

"கேட்டுப் பார்த்தோம். ஒத்துக்கல."

அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். உரித்தார், உண்டார், இரண்டாவதையும் கேட்டு வாங்கினார்.

அதன் பின்னும் தாங்கள் அவசரப்படவில்லை. நாள்தோறும் மாத்திரையை உறையோடு காட்டி, பெயரும் பயனும் பக்கவிளைவும் சொல்லி, அவர் 'வேண்டாம்' என்றபோது 'மறுத்தார்' என்று எழுதினீர்கள். ஒன்பதாம் நாள் அந்த உறையை அவரே கிழித்தார். மீண்டும் அவர் பேருந்து ஓட்டவில்லை; அதற்காக வருந்தினார். இன்று பணிமனையில் வண்டிகளின் புறப்பாட்டு நேரம் குறிக்கிறார். ஒரு நிமிடம் தாமதித்தாலும் விடமாட்டாராம். எங்கள் பிரிவிலோ, நோயாளியின் கண்முன் அன்றி எந்த மாத்திரையும் உறை பிரிவதில்லை.

மருத்துவரிடம் வாங்கிய வசவை நோயாளியிடம் இறக்கிவைக்க விரைந்த எங்களை, "முதல்ல தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று வாயிலிலேயே நிறுத்திய நாள்களும் பல. அவற்றின் எண்ணிக்கையை எழுதாமல் விட்டது எங்கள் தற்காப்பு எனக் கொள்க.

இக்கதையைப் பலர் முன் வாசிக்க உரியவரிடம் கேட்டீர்களா என்று தாங்கள் புருவம் உயர்த்துமுன் சொல்லிவிடுகிறோம்: கேட்டோம். வரைவை வரிவரியாகப் படித்தார். "ரெண்டு நாள்னு எழுதியிருக்கீங்க. மூணு நாள் பட்டினி கிடந்தேன், அதுல கஞ்சத்தனம் வேண்டாம்" என்றார், திருத்தினோம். பெயர் வேண்டாம் என்றார், நீக்கினோம். "அம்மாவுக்கு டீ குடுக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டுக் குடுங்க" என்றார். அதையும் இதோ செய்கிறோம்.

உண்மையை மருந்தாக்கிய உத்தமரே, இனித் தங்கள் காலைகள் அழைப்புமணி இன்றி விடியட்டும். கண்ணும் காலும் நெடுங்காலம் தங்கள் சொற்படி நடக்கட்டும். இல்லத்தார் தங்கள் கண்டிப்பை எங்களைவிட இன்முகத்தோடு ஏற்கட்டும்.

தங்கள் முன் வைக்கப்பட்டுள்ள தேநீரில் தேயிலையும் பாலும் ஒரு கரண்டிச் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை. விருப்பமெனில் அருந்துக, வேண்டாமெனில், 'மறுத்தார்' என்றே எழுதிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் திருத்தங்களால் திருந்திய
ஆண்கள் பிரிவுச் செவிலியரும் பணியாளரும்