வேண்டாத ஏழு வெற்றிகள்

தோற்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்கத் தோற்றுப் பாருங்கள், அதில் எவ்வளவு வேலை இருக்கிறதென்று அப்போது தெரியும்.

உங்களுக்குக் கூடைப்பந்து பார்க்கும் பழக்கம் இல்லை என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. பார்க்கிறவர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். டொலீடோவில் எனக்கு முடிவெட்டுகிறவரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வரை, நான் மேலாளராக இருக்கும் ஹெரான்ஸ் அணியை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லாத ஆளே கிடையாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். அவசரமில்லையே.

எங்கள் லீகில் கடைசியில் வருகிற அணிக்கு ஒரு சலுகை உண்டு. மே மாதம் ஒரு குலுக்கல் நடக்கும். கல்லூரியிலிருந்து வரும் பையன்களில் சிறந்தவனை யார் எடுப்பது என்று அதில்தான் முடிவாகும். எவ்வளவுக்கு எவ்வளவு தோற்றிருக்கிறோமோ, அவ்வளவுக்கு நமக்கு வாய்ப்பு அதிகம். ஆக, ஓர் அணியை ஒழுங்காகத் திரும்பக் கட்ட வேண்டுமென்றால் நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டும், பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோற்க வேண்டும், காத்திருக்க வேண்டும். இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். வாயைத் திறந்து 'தோற்கிறோம்' என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அந்த வருடம் ஜெரிகோ பெய்ன் என்று ஒருவன் வரவிருந்தான். பத்தொன்பது வயது. நிலைவாசலில் குனிந்து வருகிற உயரம், ஆனால் பந்தைக் கைமாற்றும்போது கை சின்னப் பெண்ணின் கை மாதிரி மென்மையாக இருக்கும். கான்சாஸில் ஒரு கல்லூரி அரங்கில் அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

கோடையிலேயே நடுக்களத்து ஆளை விற்றேன். இரண்டு ஓரத்து ஆட்டக்காரர்களைக் கொடுத்து, வருங்காலத்தில் இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் உரிமைகளை வாங்கினேன். மிச்சமிருந்தவர்கள் பந்தைப் பறிகொடுத்தால் திரும்பி ஓடவேண்டும் என்பதையே மறந்துவிடும் குழந்தைகள். அருமையான குழந்தைகள். அவர்களை நம்பித் தோற்கலாம்.

ரூஃபஸ் டில்மன் ஒருவன்தான் தொல்லை.

முப்பத்து நான்கு வயது, அணியில் பதினொரு வருடம். கோடையில் அவனை யாரும் கேட்கவில்லை, அந்த வயதில் கால்கள் தாங்காது என்றார்கள். சரி, ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லட்டும் என்று விட்டேன். அவனுக்குத் தோற்கத் தெரியவில்லை. எத்தனையோ முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். நவம்பரில் ஒரு நாள் நேராகவே சொன்னேன்.

"ரூஃபஸ், இந்த வருஷம் முழங்காலைப் பத்திரமா வச்சுக்க. எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுற?"

அவன் என் மேஜையிலிருந்த கடலையை அள்ளிக்கொண்டே சிரித்தான். "பாஸ், எம் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல கேக்குறாங்களாம், உங்கப்பா டீம் வேணும்னே தோக்குதாமேன்னு. நான் என்ன பதில் சொல்றது? நீங்க வேணா வந்து சொல்லுங்க."

அவன்மேல் எனக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது. எங்கள் தொழிலில் மன்னிக்க முடியாத தப்பு ஒன்றே ஒன்றுதான். கையிலிருக்கும் ஆட்டக்காரனைச் சும்மா போகவிடுவது. தோற்கலாம், கடனாகலாம், ஊரே காறித் துப்பலாம், பரவாயில்லை. பதிலுக்கு எதுவும் வாங்காமல் ஒருவனை விட்டுவிட்டால் முடிந்தது கதை. நான் இதற்கு முன் வேலை பார்த்த அணியில் அப்படி ஒருவனை விட்டேன். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஒரு வருடம் பத்திரிகைக்காரர்கள் என் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் மனைவி மளிகைக் கடையை மாற்ற வேண்டியிருந்தது. இன்னொரு முறை அப்படி நடக்காது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

ஜனவரியில் மேற்கே ஓர் அணியிலிருந்து கர்ட் என்பவர் கூப்பிட்டார். சாம்பியன் ஆகும் கனவில் இருந்த அணி. அவர்களுக்குக் கடைசி நேரத்தில் கை நடுங்காத ஒரு பெரிய மனுஷன் தேவைப்பட்டான். ரூஃபஸுக்குப் பதில், இளம் ஆட்டக்காரர்களை முதல் சுற்றிலேயே எடுக்கும் உரிமை இரண்டு தருவதாகச் சொன்னார். இரண்டு. நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"ஆனா லாய்ட், அவனுக்கு வயசாயிடுச்சே. கடைசி ப்ளே-ஆஃப் ஆட்டங்கள்ல நாப்பது நிமிஷம் நிப்பானா?"

"நிப்பான்."

"சொன்னா எப்படி நம்புறது? காட்டுங்க."

பிப்ரவரியில் ஒரு கெடு நாள் உண்டு. அதற்குப் பிறகு யாரையும் கைமாற்ற முடியாது. அதுவரை சரக்கைக் கடை முன்னால் அடுக்கிக் காட்டுவதுதான் வழக்கம். எல்லா அணிகளும் செய்வதுதான். பயிற்சியாளர் மார்வினைக் கூப்பிட்டு, இனி ரூஃபஸை உட்காரவைக்காதே என்றேன். மார்வின் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வாரம் வரைக்கும் அவனை வெளிய எடு, வெளிய எடுன்னு உசுர வாங்கினீங்க. இப்ப உள்ள விடு, உள்ள விடுங்கிறீங்க. நான் என்ன உங்க வீட்டு லைட் சுவிட்சா?"

"நாப்பது நிமிஷம், மார்வின்."

"அப்படின்னா ஜெயிச்சுத் தொலைச்சிடுவோமே."

அவர் சொன்னபடியே நடந்தது. நான் எவ்வளவு நொந்துபோனேன் என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. நாற்பது நிமிடம் களத்தில் நிற்கும் ரூஃபஸ் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டான். திரும்பி ஓட மறந்த பிள்ளைகள் அவன் அதட்டலுக்குப் பயந்து ஓடினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெற்றிகள். காலியாகக் கிடந்த அரங்கம் நிரம்பியது. அரங்கத்துக் கடையில் வாங்கித் தின்ற பாலாடைக்கட்டி மணக்கும் கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தியது. நான் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பந்து வளையத்தில் பட்டு வெளியே போகவேண்டும் என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் பார்த்துவிடுமே என்று கைதட்டவும் செய்தேன். ஒவ்வொரு வெற்றியும் ஜெரிகோவை என்னிடமிருந்து ஓர் அடி தள்ளிக் கொண்டுபோனது. நான்கு வருடத் திட்டத்தை ஒரு கிழவன் மூன்று வாரத்தில் நாசமாக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்கள்.

நான்காவது வெற்றிக்கு மறுநாள் காலை ரூஃபஸ் என் அறைக்கு வந்தான். கடலையைத் தொடவில்லை. அதை நான் கவனித்தேன்.

"பாஸ், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. நேத்து ஆட்டத்துல மூணாவது குவாட்டர்ல ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"வயசாகுதுல்ல."

"அதுதான் லோரெட்டாவும் சொல்றா. என்னைக் கட்டிக்கிட்டதே பென்ஷனுக்குத்தானாம்." சிரித்தான், ஆனால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். "அன்னைக்குக் காய்ச்சலுக்கு நெஞ்சைப் படம் புடிச்சாங்களே, டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

"சளின்னு சொன்னாங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

"அப்பச் சரி." எழுந்தான். "அந்தச் சின்னப் பசங்க இப்பத்தான் கொஞ்சம் நிமிர்றாங்க, பாஸ். இந்த நேரத்துல நான் உக்காந்தா மறுபடியும் குனிஞ்சிடுவாங்க."

நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். படியில் இறங்காமல் லிஃப்டில் போகச் சொன்னேன். அக்கறையில்லாதவன் அப்படிச் சொல்வானா?

இப்போது டாக்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும், ரொம்ப நேரமாக அந்தப் பேனாவைத் திருகிக்கொண்டிருக்கிறீர்கள்.

டாக்டர் நவோமி ப்ரௌட் எங்கள் அணி மருத்துவர். ரூஃபஸுக்குக் காய்ச்சல் வந்தது கர்ட் கூப்பிட்ட அதே வாரம். நான் மார்வினிடம் நாற்பது நிமிடம் என்று சொன்னதற்கு முந்தின நாள் அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"லாய்ட், ரூஃபஸோட இதயச் சுவர் தடிச்சிருக்கு. ரொம்ப மோசமா. அவன் இனிமே ஆடவே கூடாது. நடக்கட்டும், மீன் புடிக்கட்டும், பொண்ணைக் கொஞ்சட்டும். களத்துல ஓடினா எந்த நிமிஷமும் இதயம் நின்னு போகலாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் சொல்லப் போறேன்."

நானே சொல்கிறேன் என்றேன். ஐந்து வருடப் பழக்கம், என் வாயால் கேட்டால் தாங்கிக்கொள்வான் என்றேன். டாக்டர் நல்ல பெண்மணி, கண் கலங்கி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த ஆட்டத்தில் அவன் களத்தில் நிற்பதைப் பார்த்து ஓடிவந்தார். ரூஃபஸ் கிளீவ்லாந்தில் பெரிய இதய மருத்துவரைப் பார்த்துவிட்டான், அவர் படம் தவறு என்று சொல்லிவிட்டார், மனைவி காதுக்குப் போனால் பயந்துவிடுவாளாம், தன்னிடம் யாரும் அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான் என்றேன். அவர் நம்பினார். நம்ப வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கும், அவருக்கும் ரூஃபஸ் என்றால் உயிர்.

என் கணக்கு எளிமையானது. கெடு நாள் வரை. அதற்குள் அவன் மேற்கே போய்விடுவான், அங்கே அவர்களுடைய மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் முழங்காலைத்தான் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நாற்பது நிமிடம் ஓடுகிறவனின் நெஞ்சில் யார் காதை வைக்கிறார்கள்?

கெடுவுக்கு முந்தின நாள் மாலை ஆட்டத்தின்போது கர்ட் போனில் இருந்தார். "சரி, லாய்ட். பாத்துட்டேன். நாளைக்குக் காலையில லீகுக்குச் சொல்லிடுவோம்" என்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே கீழே பார்த்தேன். ரூஃபஸ் யாரும் தடுக்காத தனி வீச்சுக்குக் கோட்டில் நின்றான். பந்தை இரண்டு முறை தட்டினான். மூன்றாவது முறை தட்டுவான், அது அவன் வழக்கம். தட்டவில்லை. பந்து அவன் கையிலிருந்து உருண்டு போனது, அவன் அதைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி குனிந்து, அப்படியே முகம் தரையில் படச் சாய்ந்தான்.

டாக்டர் ப்ரௌட் ஓடினார், மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தினார். நடுவே ஒரு முறை தலையைத் தூக்கி மேலே என் கண்ணாடியைப் பார்த்தார். அப்போது புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். உங்களிடம் புகார் கொடுத்தது அவராகத்தான் இருக்கும், நான் தப்புச் சொல்லவில்லை.

கர்ட் போனை வைத்துவிட்டார்.

அந்த ஆட்டத்தில் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம். சில நாள் கழித்து மிச்சத்தை ஆடினார்கள், பிள்ளைகள் அழுதுகொண்டே ஆடி ஜெயித்தார்கள். ஏழாவது வெற்றி. மே மாதக் குலுக்கலில் எங்களுக்கு ஆறாவது இடம் வந்தது. ஜெரிகோ பெய்ன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்த ஏழு வெற்றியையும் கழித்துப் பாருங்கள், கடைசி இடம் எங்களுடையது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நானும் அந்த வருடம் எல்லாவற்றையும் இழந்தவன்தான்.

சவ அடக்கத்தில் லோரெட்டா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் எப்போதும் என்னைப் பற்றி நல்லதாகத்தான் பேசுவானாம். அவன் பெண் என்னிடம் வந்து, "எங்கப்பா டீம் வேணும்னு தோக்கலதானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அது பொய்யில்லையே.

நீங்கள் இப்போது கேட்ட கேள்வி நல்ல கேள்வி. தோற்கத்தானே வேண்டியிருந்தது, டாக்டர் வந்த அன்றே ரூஃபஸிடம் சொல்லியிருந்தால் அவன் ஓய்வு பெற்றிருப்பான், அணி தோற்றிருக்கும், ஜெரிகோவும் கிடைத்திருப்பான், ரூஃபஸும் இருந்திருப்பான், அப்புறம் ஏன் என்கிறீர்கள். பத்திரிகைக்காரர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றாமல் இல்லை. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போன உடனேயே தோன்றியது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தும் பார்த்தேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்படிச் செய்தால் அவனுக்குப் பதில் எனக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. இரண்டு முதல் சுற்று உரிமை மேஜைமேல் இருக்கும்போது எந்த மேலாளர் அப்படி விடுவான்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஓடினால் செத்துப்போவான் என்று தெரிந்தே ஓடவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவ்வளவும் செய்தும், கடைசியில் அவன் சும்மாவே போய்விட்டான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.